மார்க் ட்வைனும் ஒட்டுப் புத்தகமும்

பயணம் முடிந்து வீடு திரும்பினால் பெட்டியின் அடியில் ரயில் டிக்கெட், ஓட்டல் ரசீது, வழியில் வாங்கிய படத்தாள் என்று காகிதக் குப்பை சேர்ந்திருக்கும். அதைத் தூக்கியெறிய மனம் வராதவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இதை ஒட்டிச் சேர்ப்பது பெரிய பொழுதுபோக்கு. காசு கொடுத்து வெற்று ஆல்பம் வாங்காதவர்கள், பழைய கணக்குப் புத்தகத்திலோ அரசாங்க அறிக்கையிலோ அச்சின் மேலேயே ஒட்டிவிடுவார்கள். துண்டுகளின் இடுக்கில் பழைய எழுத்து எட்டிப் பார்க்கும்.

தொல்லை கொடுத்தது பசைதான். மாவுப்பசை புளித்துப் போகும், கோந்து வேண்டிய நேரத்தில் காய்ந்து கிடக்கும். இதற்கு வழி கண்டவர் எழுத்தாளர் மார்க் ட்வைன்! இவரும் தன்னைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளை வெட்டி ஒட்டும் பழக்கம் உள்ளவர்.

1867ல் 'குவேக்கர் சிட்டி' என்ற கப்பலில் ஐரோப்பாவுக்கும் பாலஸ்தீனத்துக்கும் போனார் ட்வைன். கப்பலில் இவரோடு ஒரே அறையில் இருந்தவர் டான் ஸ்லோட். நியூயார்க்கில் வெற்றுத்தாள் நோட்டுகள் தயாரித்து விற்பவர். இந்த அறைச் சிநேகிதம் பின்னால் வியாபாரமாக மாறியது. 1873 ஜூன் 24 அன்று ட்வைனுக்குக் காப்புரிமை கிடைத்தது. யோசனை மிக எளிது. பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவிக் காயவைத்திருப்பார்கள். வாங்கியவர் வேண்டிய இடத்தை மட்டும் ஈரப்படுத்தித் துண்டை அழுத்தினால் போதும், தபால்தலை ஒட்டுவது மாதிரி. புத்தகத்தை விற்றது ஸ்லோட்டின் கம்பெனி.

1885ல் ஒரு பத்திரிகை போட்ட கணக்குப்படி இந்த ஆல்பம் ட்வைனுக்கு 50,000 டாலர் சம்பாதித்துக் கொடுத்ததாம். மற்ற எல்லாப் புத்தகங்களும் சேர்ந்து 2,00,000. ஒரு வரிகூட எழுதாத புத்தகத்துக்கு இது மோசமில்லை! ஆனால் ஸ்லோட் தன்னைக் கணக்கில் ஏமாற்றிவிட்டதாக ட்வைன் நம்பினார். நட்பு கசந்தது. 1882ல் ஸ்லோட் இறந்துபோனார்.

ஆல்பத்தில் வந்த அதிர்ஷ்டம் அடுத்தவற்றில் வரவில்லை. இன்னொருவர் கண்டுபிடித்த அச்சுக்கோக்கும் இயந்திரத்தில் பெரும்பணத்தைப் போட்டு இழந்து, 1894ல் ட்வைன் திவாலானார். கடனை அடைக்க, அறுபதை நெருங்கும் வயதில், 1895ல் ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றக் கிளம்பினார். 1896ல் கொழும்பு வழியாக பம்பாய்க்கு வந்து இந்தியாவைச் சுற்றினார். அந்தப் பயண அனுபவங்கள் 1897ல் புத்தகமாக வந்தன. இம்முறை பக்கங்களை அவரே எழுதி நிரப்ப வேண்டியிருந்தது.