செபத்திற்கு இடம்விடும் உழைப்பு

பிரான்சு நாட்டின் சீத்தோ என்னுமிடத்தில் 1098-ஆம் ஆண்டு தோன்றியது சிஸ்டர்சியன் துறவு சபை. காணிக்கை வருவாயிலும் குத்தகைப் பணத்திலும் சாயாமல், புனித பெனடிக்டின் ஒழுங்கு கேட்பதுபோல் கையால் உழைத்து உண்ண வேண்டும் என்பது அதன் தந்தையரின் விருப்பம். 1125-ஆம் ஆண்டளவில் பெண்களுக்கும் ஒரு மடம் எழுந்தது.

இச்சபையின் கண்டிப்பான கிளையாகிய டிராப்பிஸ்ட் அருள்சகோதரிகள் 1949-இல் அயர்லாந்திலிருந்து அமெரிக்கா சென்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ரெந்தம் ஊரில் மடம் அமைத்தனர். அவர்கள் செய்யும் மிட்டாய்கள் பெயர் பெற்றவை. அங்கிருந்து சில சகோதரிகள் 1987-இல் வெர்ஜினியா மாநிலத்தின் குரோசே ஊருக்கருகே, மலையடிவாரத்தில், வானதூதர்களின் அன்னை மடத்தைத் தொடங்கினர். வாங்கிய பண்ணையில் சீஸ் செய்யும் கருவிகள் ஏற்கெனவே இருந்தன. பிழைப்புக்கு வழியைத் தேடி அலையாமல், ஆண்டவர் கையில் கொடுத்ததையே ஏற்றுக்கொண்டார்கள் எனலாம்!

அவர்கள் செய்வது கௌடா வகைச் சீஸ். பாலை இளஞ்சூடாக்கி உறைய வைத்து, உறைந்ததைச் சிறு துண்டுகளாக வெட்டி, தெளிந்த நீரை வடித்து, வெந்நீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். பின்னர் அச்சில் அழுத்தி, உப்புநீரில் ஊறவைத்து, சிவப்பு மெழுகு பூசிப் பல வாரங்கள் முதிர விடுகிறார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 900 கிராம் எடை.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. விடியுமுன் தொடங்கி இரவு வரை நாளொன்றுக்கு ஏழு முறை அவர்கள் சிற்றாலயத்தில் கூடித் திருப்பாடல்களைப் பாட வேண்டும். மணி ஒலித்ததும் கையிலுள்ளதை விட்டுவிட்டு விரைய வேண்டும் என்கிறது ஒழுங்கின் 43-ஆம் அதிகாரம். உறைந்த பாலோ மணிக்காகக் காத்திருக்காது. எனவே எவ்வளவு செய்யலாம் என்பதைச் சந்தை முடிவு செய்ய விட முடியாது. இதில் இன்னொரு சோதனையும் உண்டு: கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான விற்பனை உச்சம் தொடும் வாரங்கள், அமைதியில் காத்திருக்க வேண்டிய திருவருகைக் காலமே.

புனித பெனடிக்ட் இதை முன்கூட்டியே அறிந்திருந்தார் போலும். 57-ஆம் அதிகாரத்தில், தன் கைத்திறனால் மடத்துக்கு இலாபம் வருகிறதென்று செருக்குறுபவரை அத்தொழிலிலிருந்தே நீக்கச் சொல்கிறார்; வெளியார் கேட்கும் விலையைவிடச் சற்றுக் குறைத்தே விற்கவும் சொல்கிறார்.