அபிதானகோசத்திலிருந்து விக்கிப்பீடியா வரை

தமிழின் முதலாவது கலைக்களஞ்சியமாகக் கொள்ளப்படும் 'அபிதானகோசம்' 1902ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. அதனைத் தொகுத்தவர் மானிப்பாயைச் சேர்ந்த ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை. 1910இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' வந்தது. இவ்விரண்டும் தனிமனித உழைப்பின் பேறுகள். பின்னர் தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. அது அறிஞர் குழுவொன்றின் பணி. இம்மூன்றிலும் வாசகனுக்கு இருந்த இடம் ஒன்றே: வாங்கி வாசிப்பது.

பத்திரிகைத் துறையிலும் நிலைமை இதுவேதான். நிருபர், உப ஆசிரியர், ஆசிரியர், ஒப்புநோக்காளர் என்ற படிகளைத் தாண்டாமல் ஒரு வரியும் அச்சேறாது. வாசகனுக்குத் திறந்திருந்த ஒரே கதவு கடிதப் பகுதி. அக்கதவின் திறவுகோலும் எங்கள் கையிலேயே இருந்தது. தொண்ணூறுகளில், மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டிருந்த குடாநாட்டில், கொப்பித்தாளில் பத்திரிகை அச்சிட்ட நாட்களை நான் அறிவேன். எதை வெளியிடுவது என்பதைத் தாளின் பற்றாக்குறையே பாதி தீர்மானித்தது.

1995இல் அமெரிக்கரான வார்ட் கன்னிங்காம், எவரும் திருத்தக்கூடிய பக்கங்களைக் கொண்ட 'விக்கி' என்னும் முறையை இணையத்தில் அறிமுகப்படுத்தினார். 2001இல் ஆங்கில விக்கிப்பீடியா பிறந்தது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அதன் தொடக்க காலத்தைப் பெரும்பாலும் தாங்கி நின்றவர் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையைச் சேர்ந்தவரும் அபுதாபியில் பணியாற்றியவருமான கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். தனியொருவராக அவர் எழுதிக் குவித்த கட்டுரைகள் முத்துத்தம்பிப்பிள்ளையை நினைவூட்டுவன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மயூரநாதன் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம், விரிக்கலாம், மறுக்கலாம். தமிழகத்தாரும் ஈழத்தாரும் புலம்பெயர்ந்தோரும் அங்கே கூடினர். 'டொராண்டோ'வா 'ரொறன்ரோ'வா என்பது போன்ற எழுத்துமுறை வேறுபாடுகளையும் அவர்கள் பேசியே தீர்க்க வேண்டியிருந்தது. 2017இல் கட்டுரைகள் ஒரு இலட்சத்தை எட்டின.

பத்திரிகைக்காரன் என்ற வகையில் என்னைக் கவர்ந்தது, ஒவ்வொரு திருத்தமும் அங்கே வரலாறாகப் பதிவாகின்றமையே. நாங்கள் பிழை திருத்தத்தை உட்பக்கத்தின் மூலையில் போடுவோம். அங்கே யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை எவரும் பார்க்கலாம்.

எனினும் விக்கிப்பீடியா ஒரு நிபந்தனை விதிக்கிறது. சொல்லும் செய்திக்கு வெளியிடப்பட்ட சான்று வேண்டும். இங்கேதான் எமது மக்களின் துயரம் குறுக்கிடுகிறது. 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி எரியூட்டப்பட்ட யாழ். பொதுசன நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. பின்னர் வந்த போரும் இடப்பெயர்வும் வீட்டு அலுமாரிகளில் எஞ்சியவற்றையும் சிதறடித்தன. சான்றே சாம்பலான சமூகம் எதைக் கொண்டு தன் வரலாற்றை எழுதுவது?

இதற்கு விடையாக அமைந்தது 2005இல் தி. கோபிநாத், மு. மயூரன் ஆகிய இளைஞர்கள் முன்னின்று தொடங்கிய நூலகம் திட்டம். 1998 தைப்பொங்கலன்று சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி வழிகாட்டியிருந்தது. நூலகம் திட்டத்தினரும் முதலில் நூல்களைத் தட்டச்சிட்டனர். பின்னர் பக்கங்களைப் படம்பிடித்து ஏற்றத் தொடங்கியதும் வேகம் கூடியது. விக்கிப்பீடியா இயங்கும் அதே மென்பொருளில்தான் அவர்களின் தளமும் இயங்குகிறது. ஒரு கட்டடத்தில் இருந்த ஒரே பிரதியை ஓரிரவில் எரிக்க முடிந்தது. பல நாடுகளில் பலர் தரவிறக்கி வைத்துள்ள பிரதிகளை அவ்வாறு எரிக்க இயலாது. அங்கே ஏற்றப்படும் ஒரு பழைய பிரசுரம், விக்கிப்பீடியாவில் ஒரு கிராமத்தைப் பற்றிய கட்டுரைக்குச் சான்றாகிறது.

பெரிய நூல்கள் எப்படியாவது தப்பிவிடும். அந்தியேட்டியன்று வெளியிடும் கல்வெட்டுகள், கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், சனசமூக நிலையங்களின் சஞ்சிகைகள் ஆகியவையே முதலில் அழிவன. 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு ஊர்கள் பலவற்றின் பழைய முகம் இத்தகைய மெல்லிய பிரசுரங்களில்தான் உள்ளது. கொடிவழி, தொழில், ஒழுங்கையின் பெயர், கிணறு வெட்டியவரின் பெயர் எல்லாம் அவற்றில் உண்டு.

அவை இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உங்கள் வீட்டுப் பெட்டிகளுக்குள் கிடக்கலாம். முத்துத்தம்பிப்பிள்ளையின் காலத்து வாசகனுக்கு வாசிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு உண்டு. கறையான் முந்துவதற்குள் அப்பெட்டியைத் திறவுங்கள்.