இடுப்பு மூட்டு முட்டல் – அறுவை மருத்துவ வரலாறு

இடுப்பு மூட்டு முட்டல் என்பது, காலை மடக்கி உட்புறம் திருப்பும்போது தொடையெலும்பின் கழுத்துப் பகுதி இடுப்பெலும்புக் கிண்ணத்தின் விளிம்பில் மோதும் நிலையாகும். மருத்துவர்கள் இதனை ஹிப் இம்பிஞ்ச்மென்ட் என்பர். இதனால் தொடை இடுக்கில் வலி உண்டாகும்; கிண்ணத்தின் ஓரத்திலுள்ள குருத்தெலும்பும் கிழியக்கூடும்.

தொடக்கக் கருத்துகள்

1936இல் பாஸ்டனைச் சேர்ந்த ஸ்மித்-பீட்டர்சன், இந்த மோதலே சிலரது வலிக்குக் காரணம் என்று கூறி, கிண்ண விளிம்பைச் செதுக்கினார். எனினும் 1960களில் செயற்கை மூட்டு வெற்றி பெற்றபின் இக்கருத்து பின்தங்கியது. காரணம் தெரியாத மூட்டுத் தேய்வு முதுமையின் விளைவாகவே பெரிதும் கருதப்பட்டது.

பெர்ன் நகர ஆய்வுகள்

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ், ஆழம் குறைந்த கிண்ணத்தை வெட்டித் திருப்பி அமைக்கும் அறுவையை 1984இல் தொடங்கினார். கிண்ணம் அளவுக்கு மீறித் திருப்பப்பட்ட சிலருக்குப் புதிய வலி தோன்றியது. எலும்புகள் மோதுவதே அதற்குக் காரணம் எனத் தெரியவந்தது.

மோதலை நேரில் காண மூட்டைக் கழற்ற வேண்டும். ஆனால் தொடையெலும்பின் தலைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அறுந்தால் அத்தலை செத்துவிடும். கான்ஸ் குழுவினர் அக்குழாயின் பாதையைத் துல்லியமாக ஆராய்ந்து, அதைக் காக்கும் வழியை வகுத்தனர். 2001இல் அவர்கள் வெளியிட்ட 213 மூட்டுகளின் அறிக்கையில் ஒரு தலைகூடச் சாகவில்லை.

2003இல் இக்குழு, தேய்வுக்கு முட்டலும் ஒரு காரணம் என விளக்கியது. தலையும் கழுத்தும் சேருமிடம் புடைத்திருப்பது கேம் வகை. கிண்ணம் தலையை மிகுதியாக மூடியிருப்பது பின்சர் வகை. பலருக்கு இரண்டும் சேர்ந்தே காணப்படும்.

துளைவழி அறுவை

1931இல் நியூயார்க்கின் பர்மன், இறந்தோர் உடல்களின் இடுப்பு மூட்டுக்குள் நோக்குக் குழாயைச் செலுத்திப் பார்த்தார். காலை இழுத்து மூட்டில் இடைவெளி உண்டாக்கும் முறை பின்னர் வந்தபோதே உட்பகுதியை நன்கு காண முடிந்தது. இன்று சிறு துளைகள் வழியாகவே புடைப்பைச் செதுக்கி, கிழிந்த விளிம்பைத் தைக்கின்றனர்.

இன்றைய நிலை

இத்தகைய எலும்பு அமைப்புடைய பலருக்கு வலியே இருப்பதில்லை. எனவே அறிகுறி, உடற்பரிசோதனை, எக்ஸ்ரே போன்ற படங்கள் ஆகிய மூன்றும் ஒத்துவர வேண்டும் என 2016இல் வாரிக் உடன்பாடு வரையறுத்தது. 2018இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் 348 பேர் பங்கேற்றனர். உடற்பயிற்சி மருத்துவம் பெற்றோரும் நலம் அடைந்தனர். அறுவை செய்துகொண்டோர் ஓராண்டு முடிவில் கூடுதல் பயன் பெற்றனர். அறுவை பிற்காலத் தேய்வைத் தடுக்குமா என்பது இன்னும் உறுதியாகவில்லை.