பாவலர் சகோதரர்கள்: ஓர் இசைக்குழுவின் எழுச்சியும் பிரிவும்

தமிழில் குழுவாகக் கூடிப் பாடும் மரபு மிகப் பழைமையானது. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கும் பொருநரையும் பாணரையும் கூத்தரையும் வள்ளல்பால் வழிப்படுத்துவன. யாழும் முழவும் சுமந்து சுற்றத்தோடு ஊர்தோறும் சென்ற அக்கலைஞரைப் பற்றிப் புலவர் பாடியவை ஏட்டில் நின்றன. அவர்கள் தம் வாயால் பாடியவையோ காற்றோடு கலந்தன. இவ்விழப்பு சங்க காலத்தோடு முடிந்துவிடவில்லை; நம் காலத்துக்கு அணித்தாகவும் நிகழ்ந்துள்ளது என்பதற்குப் ‘பாவலர் பிரதர்ஸ்’ என்னும் இசைக்குழுவின் வரலாறு சான்றாகும்.

இன்றைய இளைஞர் தாமே பாட்டெழுதி, தாமே இசையமைத்து, திரைப்படத்தைச் சாராமல் மேடையேறுவதைத் தனியிசை என்பர். கானாவையும் பறையையும் ராக் இசையோடு இணைத்து, 2018ஆம் ஆண்டு சனவரியில் சென்னையில் அரங்கேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இவ்வகைக் குழுக்களுள் குறிப்பிடத்தக்கது. இதனை முற்றிலும் புதிய போக்கு எனக் கருதுவோர் உளர். ஆயின், அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே, இன்றைய தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்ட நான்கு உடன்பிறப்புகள் சொந்தச் சொல்லும் கருத்தும் கொண்டு மேடைதோறும் பாடி வந்தனர்.

குழுவின் தலைவர் பாவலர் வரதராசன். அவர் பொதுவுடைமை இயக்கத்தின் மேடைப் பாடகர். தாமே பாட்டுக் கட்டுபவர். தம்பியர் மூவர்: பாஸ்கர், ராசையா, அமர்சிங். இவர்களுள் ராசையாவே பின்னாளில் இளையராஜா எனவும், அமர்சிங்கே கங்கை அமரன் எனவும் அறியப்பட்டனர். மக்கள் நாவில் பழகிய திரைப்பாடல் மெட்டுகளை எடுத்துக்கொண்டு, அன்றைய அரசியலையும் உழைப்பாளர் துயரையும் அவற்றில் ஏற்றிப் பாடுவது பாவலரின் முறை. மெட்டு முன்பே கேட்போர் நெஞ்சில் இருந்தமையால் சொல் எளிதில் சென்று சேர்ந்தது.

இப்பாட்டின் ஆற்றல் வெளிப்பட்ட களம் தேவிகுளம். 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் 126 இடங்கள் கொண்ட கேரள சட்டமன்றத்தில் பொதுவுடைமைக் கட்சி 60 இடங்களைப் பெற்று, சுயேச்சைகளின் துணையோடு ஆட்சி அமைத்தது. தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பானதால், 1958இல் அங்கு இடைத்தேர்தல் நடந்தது. பெரும்பான்மை மிகக் குறுகியதாக இருந்தமையால் ஒவ்வோர் இடமும் அரசுக்கு இன்றியமையாததாயிற்று. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த வாக்காளருட் பெரும்பாலோர் தமிழர். அவர்களிடையே பாவலர் மலையேறிச் சென்று பாடினார். ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். அவ்வெற்றியில் பாவலரின் பாட்டுக்கு உரிய பங்கை முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு பாராட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி.

பதின்பருவத்திலேயே தமையனோடு மேடையேறிய ராசையா தொடக்கத்தில் பெண்குரலில் பாடினார். குரல் உடைந்தபின் ஆர்மோனியம் அவர் கருவியாயிற்று. பெண்குரற் பகுதி இளையவர் அமரைச் சேர்ந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் இக்குழு தென்னாட்டு மேடைகளில் வலம் வந்தது. எந்தக் கூட்டம் எந்தச் சந்தத்துக்குத் தலையாட்டும் என்பதைத் தம்பியர் கற்ற பள்ளி இதுவே. 1964இல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு இளையராஜா இசையமைத்தார். அதனையே தம் முதல் இசையமைப்பாக அவர் குறிப்பிடுவதுண்டு.

எழுச்சி இவ்வாறாக, பிரிவுக்கு வித்தும் அதனுள்ளேயே இருந்தது. குழுவின் சொல் முழுவதும் ஒருவருடையது. மெட்டுகளுட் பல பிறருடையவை. இசையில் தனித்திறம் முதிர்ந்த தம்பியருக்கு இரவல் மெட்டும் கூட்ட மேடையும் போதாவாயின. 1968இல் அவர்கள் சென்னையை நோக்கிப் புறப்பட்டனர். தாய் சின்னத்தாயம்மாள் வீட்டு வானொலிப் பெட்டியை விற்று, கிடைத்த 400 ரூபாயைக் கொடுத்தனுப்பினார் என்பதை இளையராஜா பன்முறை கூறியுள்ளார். பகையாலோ பூசலாலோ அன்றி, வளர்ச்சியாலேயே குழு கலைந்தது. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசைப் பயிற்சியும், ஜி.கே. வெங்கடேஷிடம் துணைமைப் பணியும் இளையராஜாவுக்கு வாய்த்தன. பாவலர் 1973இல் மறைந்தார். இளையராஜாவின் முதற்படமான ‘அன்னக்கிளி’ 1976இல்தான் வெளிவந்தது. தம்பியின் வெற்றியைத் தமையன் காணவில்லை.

பாவலர் என்னும் பெயர் மறையவில்லை. ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981), ‘சிங்காரவேலன்’ (1992) முதலிய படங்களைத் தயாரித்தது ‘பாவலர் கிரியேஷன்ஸ்’. அமர் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் இயக்குநராகவும் விளங்கினார். ஆயினும், பெயர் வாழ்வது வேறு. பாட்டு வாழ்வது வேறு. இலிவர்பூல் நகரத்துப் பீட்டில்ஸ் குழு 1970இல் பிரிந்தபோது அதன் பாடல்கள் இசைத்தட்டுகளில் நிலைபெற்றிருந்தன. குழு போயினும் பாட்டு போகவில்லை. பாவலர் குழுவுக்கோ ஒலிப்பதிவுக் கூடமும் இல்லை, வெளியீட்டு நிறுவனமும் இல்லை. இன்று மாலை எழுந்த சிக்கலுக்கு இன்று இரவே கட்டிய பாட்டு அன்றைய கூட்டத்தோடு கடமை முடித்தது. தம்பியின் இசையை உலகம் நோட்டுப் புள்ளியோடு அறியும். அவ்விசை பயின்ற மேடையில் தமையன் சொன்ன சொல்லையோ, கேட்டவர் நினைவிலிருந்தே பெரிதும் தேடிக்கொள்ள வேண்டியுள்ளது.

இலக்கிய வட்டங்கள் இவ்வரலாற்றைத் தமக்குரிய பாடமாகக் கொள்ளத்தகும். குழுக்கள் பிரிவது இயல்பு; திறமுடையோர் வெளியே செல்வதைத் தடுப்பது அறமும் அன்று, ஆகக்கூடியதும் அன்று. தடுக்கக்கூடியது பாட்டின் மறைவு ஒன்றே. பருத்தி ஏலம் நடக்கும் மூலனூரிலும், பின்னலாடை எந்திரங்கள் ஓடும் திருப்பூரிலும் கூட்டந்தோறும் கவிதை வாசிக்கப்படுகிறது. தொழிற்சங்க மேடைகளில் பாட்டு பிறக்கிறது. வாசித்த நாள், இடம், எழுதியவர் பெயர், எடுத்தாண்ட மெட்டு ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தலும், குரலைப் பதிந்து வைத்தலும் செலவுமிக்க பணிகள் அல்ல. பத்தாண்டு நிறைந்த வட்டம் பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்திலேயே அக்குறிப்பேட்டைத் தொடங்கலாம்.