கியூபாவில் அன்று ஜெயித்தது யார்?

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போனில் பேசினான். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறானாம். "சார், சர்வதேச உறவுகள்னு எடுத்தா யதார்த்தவாதம், தாராளவாதம்னு ஏகப்பட்ட கோட்பாடு வருது. எதுதான் சார் சரி?" என்றான். கியூபாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் அதில் உரசிப் பார் என்றேன். அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

1962 அக்டோபர் 14. கியூபா மேல் பறந்த அமெரிக்க யு-2 உளவு விமானம் எடுத்த படங்களில் சோவியத் ஏவுகணைத் தளங்கள் தெரிந்தன. 22ஆம் தேதி டெலிவிஷனில் தோன்றிய கென்னடி, கடல் முற்றுகையை அறிவித்தார். 28ஆம் தேதி ஏவுகணைகளை அகற்றுவதாக குருஷ்சேவ் சொல்லிவிட்டார். (நமக்கு 1962 என்றால் சீனப் போர்தான் ஞாபகம். அதுவும் இதே அக்டோபர் 20ஆம் தேதி தொடங்கியதுதான்.)

யதார்த்தவாதிகள் என்ன சொல்கிறார்கள்? நாடுகளுக்கு மேலே போலீஸ் ஸ்டேஷன் கிடையாது, பலம்தான் பேசும். தொலைதூர ஏவுகணைகளில் பின்தங்கியிருந்த சோவியத், கியூபாவைக் கொண்டு சமன் செய்யப் பார்த்தது, முடியவில்லை. நானும் பல வருஷம் வகுப்பில் இப்படித்தான் நடத்தினேன். "கென்னடி முறைத்தார், குருஷ்சேவ் பின்வாங்கினார்" என்று கரும்பலகையில் எழுதியும் போட்டிருக்கிறேன்.

அது பாதிக் கதை. துருக்கியில் அமெரிக்காவின் ஜூபிடர் ஏவுகணைகள் இருந்தன. அவற்றை எடுத்துவிடுகிறோம் என்று 27ஆம் தேதி இரவு ராபர்ட் கென்னடி, சோவியத் தூதர் டோப்ரினினிடம் ரகசியமாக வாக்குக் கொடுத்தார். 1963 ஏப்ரலுக்குள் எடுத்தும்விட்டார்கள். வெளியே மூச்சு விடவில்லை.

தாராளவாதிகள் இந்தப் பேரத்தையும், ஐ.நா.வில் ஊ தாண்ட் செய்த சமரச முயற்சியையும், அடுத்த ஆண்டு போடப்பட்ட நேரடித் தகவல் இணைப்பையும் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தையும் காட்டுவார்கள். இன்னொரு சாரார், "பிரிட்டனிடமும்தான் அணுகுண்டு இருந்தது, அமெரிக்கா ஏன் பயப்படவில்லை?" என்று கேட்பார்கள். ஆயுதத்தை விட, அது யார் கையில் இருக்கிறது என்ற எண்ணமே பகையை உண்டாக்குகிறது என்பது அவர்கள் கட்சி. நல்ல கேள்விதான்.

ஆனால் என்னை உலுக்கியது கிரகாம் அலிசன் 1971இல் எழுதிய புத்தகத்தின் வாதம். அரசாங்கம் என்பது ஒரே மனிதன் அல்ல. பல இலாகாக்கள், அவற்றின் பழக்கங்கள். ரகசியமாகக் கொண்டுபோன ஏவுகணைகளின் தளங்களை சோவியத் படை சரியாக மறைக்கக்கூட இல்லை. தங்கள் நாட்டில் கட்டுகிற அதே அமைப்பில் கட்டியது.

27ஆம் தேதியை மட்டும் பாருங்கள். மாஸ்கோவின் அனுமதி இல்லாமலே கியூபாவில் இருந்த சோவியத் தளபதிகள் ஒரு யு-2வைச் சுட்டு வீழ்த்தினார்கள். விமானி ஆண்டர்சன் இறந்தார். வேறொரு யு-2 வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போய்விட்டது. கடலுக்கடியில் பி-59 நீர்மூழ்கிக் கப்பலுக்கு மாஸ்கோவோடு தொடர்பே இல்லை. மேலே வரவழைக்க அமெரிக்கக் கப்பல்கள் சிறு வெடிகளைப் போட, போர் தொடங்கிவிட்டது என்று நினைத்த கேப்டன் அணு டார்ப்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார் என்றும், அர்கிபோவ் என்ற அதிகாரி அவரைச் சாந்தப்படுத்தினார் என்றும் கப்பலில் இருந்த ஒருவர் பிற்காலத்தில் சொன்னார்.

இவற்றில் எதுவும் கென்னடியோ குருஷ்சேவோ போட்ட கணக்கில் இல்லை.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அர்கிபோவ் பத்திப் பரீட்சையில கேப்பாங்களா சார்?" என்றான். கேட்க மாட்டார்கள் என்றேன்.

என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், அந்தப் பாடத்தில் துருக்கியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று நான் சொல்லித்தரவில்லை.