கப்பலில் எந்தப் பந்தி?



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். (இப்போது அவள் மகனே கல்லூரிக்குப் போகிறான்!) ஜூன் மாதம் குடும்பத்தோடு மத்தியதரைக் கடலில் ஏழு நாள் சொகுசுக் கப்பல் பயணம் போகிறார்களாம். முன்பதிவுப் படிவத்தில் இரவுச் சாப்பாடு மாலை 6 மணிக்கா, 8.30 மணிக்கா, இல்லை விரும்பிய நேரத்திலா என்று கேட்டிருக்கிறார்கள். "டீச்சர், பந்திக்கு முந்துன்னுதானே பழமொழி? 6 மணியே போட்டுடட்டுமா?" என்கிறாள்.

இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். சமூக அறிவியல் நடத்திய வாய் சும்மா இருக்குமா? பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், கப்பல்காரர் இந்தக் கேள்வியை ஏன் கேட்கிறார்? நாற்காலிக் கணக்குதான் காரணம். கல்யாண மண்டபத்தில் 600 பேர் வந்திருக்க, கீழே இலை போட 300 பேருக்குத்தான் இடம் என்றால் என்ன செய்வோம்? இரண்டு பந்தி. கப்பலிலும் அதே கதை. ஆனால் அந்த நிலை வந்து சேர்ந்த விதம் சுவையானது.

1840-ல் குனார்டு கம்பெனியின் 'பிரிட்டானியா' லிவர்பூலிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்குக் கிளம்பியபோது அதில் 115 பயணிகளுக்குத்தான் இடம். பாலுக்காக ஒரு பசுவையும் ஏற்றிக்கொண்டார்கள். நீளமான மேசைகளில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 1842 ஜனவரியில் இதே கப்பலில் போன எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் அந்தச் சாப்பாட்டுக் கூடத்தைப் பிணம் ஏற்றும் வண்டியோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். மனிதர் எவ்வளவு நொந்திருந்தால் அப்படி எழுதுவார்!

1871-ல் ஒயிட் ஸ்டார் கம்பெனி 'ஓஷியானிக்' கப்பலை விட்டது. அதுவரை பின்பக்கம் இருந்த முதல் வகுப்புக் கூடத்தை, ஆட்டம் குறைவாக இருக்கும் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து, கப்பலின் அகலம் முழுவதும் விரித்துப் போட்டார்கள். அதன்பிறகு பெரிய கம்பெனிகளுக்குள் ஒரு போட்டி வந்தது: எங்கள் முதல் வகுப்புக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்துச் சோறு போடுவோம் என்று காட்டுவது. 1935-ல் வந்த பிரெஞ்சுக் கப்பல் 'நார்மண்டி'யின் முதல் வகுப்பு உணவுக்கூடம் 305 அடி நீளம். 700 பேர் ஒன்றாகச் சாப்பிடலாம். அதாவது, ஒரே பந்தி என்பது கௌரவம். பந்தி பிரிப்பது கீழ்த்தளத்துக்காரர்களுக்கு.

டைட்டானிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமா பார்த்த எல்லோருக்கும் அதன் மாடிப்படி தெரியும், மூன்றாம் வகுப்புச் சாப்பாட்டு அறை தெரியாது. 1912-ல் அந்தக் கப்பலில் மூன்றாம் வகுப்பில் போனவர்கள் சுமார் 700 பேர். அவர்களுடைய உணவுக்கூடத்தில் இருக்கை 470 சொச்சம்தான். முதல் வகுப்புக்கோ 500-க்கும் மேற்பட்ட இருக்கைகள், ஆட்கள் அதைவிடக் குறைவு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. மூன்றாம் வகுப்புக்காரர்களின் உணவுப் பட்டியலில் 'டின்னர்' என்பது மத்தியானச் சாப்பாடு. மாலையில் அவர்களுக்கு 'டீ'. மேல்தட்டில் எக்காளம் ஊதி அழைத்த இரவு டின்னர் வேறு உலகம். யார் எந்தப் பந்தியில், யாரோடு உட்காருவது என்பது எந்த ஊரிலும் சாதாரண விஷயமாக இருந்ததில்லை. 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி போட்டதற்காகத் தமிழ்நாடே கொதித்ததை வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா?

சரி, நாம் பேசுவது சுற்றுலாக் கப்பலைப் பற்றி. மேலே சொன்னவை எல்லாம் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கப்பல்கள். வழியில் இறங்கி ஊர் பார்ப்பது பயணத்தின் நோக்கமே இல்லை. நாளெல்லாம் கப்பலுக்குள்ளேதான் கிடந்தாக வேண்டும் என்பதால், 7 மணிக்குச் சாப்பாடு என்றால் 7 மணிக்கு எல்லோரும் ஆஜர்.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஆல்பர்ட் பாலின். ஹாம்பர்க்–அமெரிக்கக் கப்பல் கம்பெனியை நடத்தியவர். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கில் கூட்டம் குறைந்து கப்பல்கள் சும்மா நிற்கும். அவற்றை வெயிலுள்ள பக்கம் அனுப்பினால் என்ன என்று யோசித்தார். 1891 ஜனவரி 22-ல் 'ஆகஸ்டா விக்டோரியா' 241 பயணிகளோடு ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபன் துறைமுகத்திலிருந்து மத்தியதரைக் கடலுக்குக் கிளம்பியது. ஏறக்குறைய இரண்டு மாதப் பயணம். கெய்ரோ, ஜெருசலேம் போல கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஊர்களும் அதில் அடக்கம். இன்று நம் மாணவி போகும் பயணத்துக்கு அதுதான் கொள்ளுப்பாட்டி.

விரும்பிய நேரத்தில் சாப்பிடலாம் என்ற ஏற்பாட்டையும் பெரிய கப்பலில் கொண்டுவந்தவர் அதே பாலின்தான். 1905-ல் 'அமெரிக்கா' என்ற கப்பலில் ரிட்ஸ்-கார்ல்டன் பெயரில் தனி உணவகம் வைத்தார். கூடுதல் காசு கொடுத்தால் பொதுப் பந்தி பக்கமே போக வேண்டாம். டைட்டானிக்கிலும் இப்படி ஓர் உணவகம் காலை 8 முதல் இரவு 11 வரை திறந்திருந்தது. ஆக, நேரத்தை நாமே தேர்ந்தெடுப்பது நேற்று வந்த புதுமை என்று நினைக்காதீர்கள். 120 வயது ஆகிறது. பணக்காரர்களுக்கு மட்டும் இருந்தது, அவ்வளவுதான்.

1958 அக்டோபரில் அட்லாண்டிக்கின் மேல் ஜெட் விமானப் பயணிகள் சேவை தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே பயணிக் கப்பல்கள் காற்று வாங்கின. பிழைக்க வேண்டுமானால் உல்லாசப் பயணம்தான் வழி. 1960-களின் பிற்பகுதியிலும் 70-களிலும் மியாமியை மையமாக வைத்துப் புதுக் கம்பெனிகள் முளைத்தன. அவற்றில் பழைய வகுப்புப் பிரிவினை இல்லை. எல்லோருக்கும் ஒரே உணவுக்கூடம், ஒரே பட்டியல். நல்லதுதானே? ஆனால் கணக்கு உதைத்தது. உணவுக்கூடம் ஒரு நாளில் சில மணி நேரம்தான் பயன்படும், அறைகளோ முழுப் பயணத்துக்கும் வாடகை ஈட்டும். பாதிப் பேருக்கு மட்டும் நாற்காலி போட்டு இரண்டு தடவை பரிமாறினால், மிச்ச இடத்தில் அறை கட்டலாம். பழைய கப்பல்களில் கீழ்த்தட்டுக்கு இருந்த பந்தி முறை இப்போது எல்லோருக்கும் பொதுவாயிற்று.

இதில் இன்னொரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. கப்பல் நாடக அரங்கிலும் எல்லோருக்கும் இடம் கிடையாது. முதல் பந்தி சாப்பிடும்போது இரண்டாம் பந்தி ஆட்டம் பார்க்கும், பிறகு மாறிக்கொள்ளும். நம் பள்ளிகளில் இடம் போதாமல் காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட் வைப்பதுபோலத்தான். 2024-ல் வந்த 'ஐகான் ஆஃப் த சீஸ்' 7,600 பயணிகள் வரை ஏற்றும். அத்தனை பேரை ஒரே நேரத்தில் உட்கார வைப்பதை யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கடிகாரம் கரீபியன் தீவுகளில் சரியாக ஓடியது. காலையில் இறங்கிக் கடற்கரையில் குளித்துவிட்டு 4 மணிக்குத் திரும்பிவிடுவார்கள். மத்தியதரைக் கடலில்தான் சிக்கல். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். 'ரோம்' என்று பயணத்திட்டத்தில் போட்டிருக்கும். கப்பல் நிற்பது சிவிடவெக்கியாவில். அங்கிருந்து ரோம் 70, 80 கிலோமீட்டர். 'ஃபுளோரன்ஸ்' என்றால் கப்பல் நிற்பது லிவோர்னோ, சாலையில் சுமார் 90 கிலோமீட்டர். எகிப்துப் பக்கம் போனால் கேட்கவே வேண்டாம். அலெக்சாண்டிரியாவிலிருந்து பிரமிடுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். சஃபாகா துறைமுகத்திலிருந்து லக்ஸருக்கும் அவ்வளவு தூரம்.

காலை 8 மணிக்குப் பஸ் ஏறினால் திரும்ப மாலை 5.30, 6 ஆகிவிடும். துறைமுக வாசலில் பரிசோதனை வரிசை வேறு. அறைக்கு ஓடி, குளித்து, உடை மாற்றி 6 மணிப் பந்தியில் உட்காருவது நடக்கிற காரியமா? இத்தாலியிலிருந்து கிரீஸ் பக்கம் போனால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அன்று உங்கள் வயிற்றுக்கு 6 மணி என்பது 5 மணிதான். ஜூனில் ரோமில் சூரியன் மறையவே ஏறக்குறைய 8.45 ஆகும்.

முதல் பந்திக்குத் தாமதமானால் நமக்குப் பெரிய நஷ்டமில்லை. பஃபேயில் ஏதாவது கிடைக்கும். கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பலுக்கு வெயிட்டராகப் போன நம் பழைய மாணவர் ஒருவர் ஊருக்கு வந்தபோது சொன்னது வேறு. நீண்ட கரைச் சுற்றுலா உள்ள நாளில் 6 மணிக்குப் பாதி மேசை காலியாக இருக்குமாம். 6.40-க்கு ஒவ்வொரு குடும்பமாக வியர்வையோடு வந்து உட்காருவார்கள். அவர்களை அவசரப்படுத்தக் கூடாது. 8.30-க்கு அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும். இடையில் மேசைவிரிப்பு மாற்ற வேண்டும், கத்தி, முள்கரண்டி, கண்ணாடிக் குவளை எல்லாம் புதிதாக வைக்க வேண்டும். அதற்கென்று இருக்கும் கொஞ்ச நேரத்தைத்தான் தாமதமாக வருகிறவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் பந்தி முடிந்து எல்லாம் துடைத்து வைக்க 11 மணி தாண்டும். மறுநாள் லிவோர்னோ என்றால் பயணிகள் 6.30-க்கே காலை உணவு கேட்பார்கள். அதைப் பரிமாறுவதும் அதே ஆள்தான். "காலு ரெண்டும் மரத்துப் போயிடும் டீச்சர்" என்றார்.

சட்டம் இருக்கிறது. 2006-ல் உருவாகி 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு தர வேண்டும். அதை இரண்டாகப் பிரிக்கலாம், ஒரு பகுதி 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஒரே நாளில் 14 மணி நேர வேலை சட்டத்துக்கு உட்பட்டதுதான்.

2000-ல் நார்வீஜியன் குரூஸ் லைன் நிலையான பந்தியையே எடுத்துவிட்டு, எப்போது வேண்டுமானாலும் வா, எந்த மேசையிலும் உட்கார் என்றது. மற்றவர்களும் மெல்ல மெல்ல அதை மூன்றாவது வாய்ப்பாகச் சேர்த்தார்கள். கரைச் சுற்றுலாவுக்கு வசதிதான். ஆனால் தினமும் வேறு மேசை, வேறு முகம். முன்பு வாரம் முழுக்க ஒரே வெயிட்டர் பரிமாறுவார், கடைசி இரவு கவரில் டிப்ஸ் வைத்துக் கையில் கொடுப்பார்கள். முகமே மாறும்போது கவர் யாருக்கு? எனவே டிப்ஸ், நாள் கணக்கில் தானாகப் பிடிக்கும் சேவைக் கட்டணமாகிக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இனி அந்த மாணவிக்கு என் பதில். உன் பயணத்தில் ஏழு நாளில் ஐந்து நாள் துறைமுகம் என்றாய், அதில் ரோமும் ஃபுளோரன்ஸும் உண்டு. 6 மணி வேண்டாம். 8.30 போடு. பழமொழி கல்யாண வீட்டுக்குச் சரி. விரும்பிய நேரம் என்பதும் உனக்கு ஒத்துவராது, ஏனென்றால் உன் மாமனார் மாமியார் சுத்த சைவம். முட்டை சேர்த்ததா, மீன் சாறு ஊற்றியதா என்று தினமும் புது ஆளிடம் ஆரம்பத்திலிருந்து விளக்க முடியாது. ஒரே வெயிட்டர் என்றால் இரண்டாம் நாளே அவருக்கு மனப்பாடம் ஆகிவிடும். நாளை இரவுக்கு என்ன வேண்டும் என்று இன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்வார். மற்ற பயணங்களுக்கு இதே விடை பொருந்தாது. பெரும்பாலும் கடலில் கழியும் பயணமென்றால், சின்னக் குழந்தைகள் இருந்தால், 6 மணிதான் நிம்மதி.

மாமியார் இன்சுலின் போடுகிறவர் என்பதையும் எழுதியிருந்தாய். 8.30 பந்தியில் முதல் தட்டு வர 9 ஆகலாம். கப்பலுக்குத் திரும்பியதும் பஃபேயில் சிறிதாக ஏதாவது சாப்பிட வை. ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன்பே அவருடைய டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள். சாப்பாடு எதிரே வந்த பிறகு ஊசியா, முன்னாலா என்பதையும் கேள்.

8.30 நிரம்பிவிட்டது என்று பதில் வந்தால், காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடு. கப்பல் ஏறிய அன்று மதியமே, பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்னால், உணவுக்கூட மேலாளரைப் போய்ப் பார். மேசை மாற்றும் வேலையெல்லாம் பெரும்பாலும் முதல் நாள் மதியத்திலேயே முடிந்துவிடும்.