பள்ளிக்கரணையின் மார்கழி விருந்தினர்

போன மார்கழியில் ஒரு விடியலில் நாங்கள் சிலர் பள்ளிக்கரணைச் சாலையோரம் நின்றிருந்தோம். அருகே ஊசிவால் வாத்துகள், அப்பால் பூநாரைகள், அதற்கும் அப்பால் பெருங்குடிக் குப்பைமேடு.

குமரிக்குச் சென்று வடதிசை திரும்பும் நாரையைத் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவர் வலசையை அறிந்திருந்தார். நகரை விரித்தவர்களுக்கோ சதுப்பு என்றால் பயனற்ற நிலம். 1980களிலிருந்து இங்கே குப்பை குவிந்தது. கட்டடங்களும் சூழ்ந்தன. தென்சென்னையின் மழைநீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயில் சேர்ப்பது இந்தக் கழிவெளிதான் என்பது, 2015இல் வேளச்சேரி மூழ்கியபோதுதான் பலருக்கு நினைவு வந்தது (எங்களையும் சேர்த்தே சொல்கிறோம்). 2007இல் ஒரு பகுதி காப்புக்காடாயிற்று. 2022இல் 1,247 எக்டேர் ராம்சார் பட்டியலில் ஏறியது.

வெயில் ஏறியதும் குப்பை லாரிகள் வரத் தொடங்கின. வாத்துகள் எழவில்லை, பழகிவிட்டன போலும்.